ஸ்கூபா போக அந்தமானா, லட்சத்தீவா, மாலத்தீவா? வேலூரிலிருந்து நாலு பேர், யோசனை சொல்லுங்கள்

குடியாத்தம் பாசஞ்சர் எழுதியது:

வணக்கம் மக்களே. நான், மனைவி, ஆறாவது படிக்கிற பையன் (வயது 11), அப்புறம் மச்சான், ஆக நாலு பேர். கடலுக்கு அடியில் போய் மீனைப் பார்த்தே தீர வேண்டும் என்று பையன் யூடியூப் பார்த்துவிட்டு ஒரே பிடியாக நிற்கிறான். எனக்கும் ஆசைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். லீவு கிடைப்பது பொங்கல் வாரத்தில், விட்டால் பையனுக்குப் பரீட்சை முடிந்த பிறகு கோடையில்.

சத்துவாச்சாரியில் ஒரு டிராவல்ஸ்காரர் அந்தமானுக்கு 5 இரவு 6 பகல் என்று பேக்கேஜ் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் நாள் செல்லுலார் ஜெயில், அப்புறம் ஹேவ்லாக், நீல் தீவு, திரும்பவும் போர்ட் பிளேர், கடைசி நாள் காலையில் நார்த் பே தீவில் இலவச ஸ்கூபா, அன்றைக்கு மதியமே சென்னைக்கு விமானம். மச்சானோ அந்தமான் எல்லோரும் போகிற இடம், மாலத்தீவு போகலாம் இல்லாவிட்டால் தாய்லாந்தில் கோ தாவோ என்கிறான். ஆபீஸில் ஒருத்தர் லட்சத்தீவு மாதிரி வராது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்றே தெரியவில்லை.

எங்கள் நிலவரம்: நான் எங்கள் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியவன், கடலில் முட்டி அளவுக்கு மேல் இறங்கியது கிடையாது. கண்ணுக்கு மைனஸ் 4 கண்ணாடி. மனைவிக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே பயம். பையன் நீச்சல் கிளாஸ் போகிறான். மச்சானுக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங், இப்போதும் மார்கழிப் பனிக்கு இன்ஹேலர் எடுப்பான். எந்தத் தீவு சரிப்படும்?

வெயில்வாசி:

கோட்டை அகழியில் இறக்கிவிட்டு ஆளுக்கு ஒரு மாஸ்க் கொடுத்தால் செலவே இல்லையே அண்ணே 😀 சரி சரி, தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும், நானும் இந்த இழையைப் பின்தொடர்கிறேன், எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் ஓடுகிறது.

காட்பாடி ஜங்ஷன்:

தீவு அப்புறம். முதலில் அந்தக் கடைசி நாளை மாற்றச் சொல்லுங்கள். காலையில் டைவ், மதியம் விமானம் என்று எவன் எழுதிக் கொடுத்தாலும் அவனுக்கு டைவிங் தெரியாது என்று அர்த்தம். தண்ணீருக்கு அடியில் அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்றில் இருக்கிற நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்கிறது. மேலே வந்த பிறகு அது மெதுவாக மூச்சு வழியாக வெளியே போக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் விமானம் ஏறினால், கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கிற அளவுக்குத்தான் இருக்கும் என்பதால், கரைந்த வாயு குமிழியாகக் கிளம்பி மூட்டிலும் நரம்பிலும் போய் உட்காரும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். நான் 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வேன், கணக்குப் போடும் வேலை மிச்சம்.

இலவச ஸ்கூபா என்று ஒன்றும் கிடையாது. கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நிற்க வைத்து, கொஞ்ச நேரம் முக்கி எடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். காசு கொடுத்து ஹேவ்லாக்கில் செய்யுங்கள்.

இப்போது தீவு விஷயம். எல்லோரும் "எந்தத் தீவு" என்று கேட்கிறார்கள், கேட்க வேண்டியது "எந்த மாசம்". கடல் ஒன்றுதான், காற்றுதான் ஆளை மாற்றுகிறது. உங்களுக்கு இருப்பது ஜனவரி நடுவும் ஏப்ரல் கடைசியும். இதை வைத்துக்கொண்டு பாருங்கள். அந்தமானில் இரண்டுமே ஆகும், ஆனால் மார்ச், ஏப்ரலில் கடல் படுத்துக் கிடக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வருவதற்கு முன்னாலேயே, மே 20ஐ ஒட்டி, அந்தமானைத் தொட்டுவிடும். அதனால் கோடை என்றால் பரீட்சை முடிந்த கையோடு கிளம்ப வேண்டும், மே முதல் வாரத்தைத் தாண்ட வேண்டாம். இலங்கை இன்னும் வேடிக்கை. திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் இருக்கிற புறாத்தீவு நம் பொங்கல் சமயத்தில் ஆகாது, மே முதல் செப்டம்பர் வரைதான் அங்கே கடல் அமைதி. ஹிக்கடுவா பக்கம் அப்படியே தலைகீழ், நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கோ தாவோ தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருப்பதால் நவம்பர், டிசம்பர் மழை அங்கே சக்கை போடு போடும், ஜனவரியிலும் சில நாள் கலங்கல் இருக்கும். பாலி ஜனவரியில் மழைக்காலம், யோசிக்கவே வேண்டாம்.

மச்சான் சொல்கிற கோ தாவோ தப்பான இடம் இல்லை, டைவிங் சர்டிபிகேட் எடுக்க உலகத்திலேயே மலிவான இடங்களில் ஒன்று. ஆனால் அங்கே விமான நிலையம் கிடையாது. சென்னையிலிருந்து பாங்காக், அங்கிருந்து பஸ்ஸோ ரயிலோ பிடித்து சும்போன், அப்புறம் படகு, இல்லாவிட்டால் சமுய் தீவு வரை பறந்து அங்கிருந்து படகு. தனியாளாக ஒரு பையை மாட்டிக்கொண்டு போகிறவனுக்குச் சரி. தண்ணீருக்குப் பயந்த மனைவியையும் பள்ளிக்கூடப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு இவ்வளவு மாறி மாறிப் போய்ச் சேருவதற்குள் லீவில் பாதி காலி.

என் ஓட்டு ஹேவ்லாக். இப்போது ஸ்வராஜ் தீவு என்று பெயர், போர்ட் பிளேரும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், டிக்கெட் தேடும்போது குழம்பாதீர்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம், இரண்டே கால் மணி நேரத்தை ஒட்டி. பாஸ்போர்ட் வேண்டாம், பர்மிட் வேண்டாம், தமிழ் பேசுகிற ஆளும் கிடைப்பார்கள். காலை விமானம் என்றால் வேலூரிலிருந்து நடுராத்திரியே வண்டி எடுத்துவிடுங்கள், பொங்கல் நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எப்போது நிற்கும் எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆரணிப் பட்டு:

நான் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவில் வாத்தியார் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் ஆரணி. மச்சானுக்காக எழுதுகிறேன்.

மாலத்தீவு என்றாலே ரிசார்ட் என்று நினைத்துப் பயப்படத் தேவையில்லை, மக்கள் வசிக்கிற தீவுகளில் கெஸ்ட்ஹவுஸ் இருக்கிறது, மாஃபுஷி மாதிரி. நம்ம ஆட்களுக்கு விசா இறங்கின இடத்திலேயே இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வெயில் காலம், தண்ணீர் கண்ணாடி. அதெல்லாம் உண்மை. ஆனால் பட்ஜெட் உதைப்பது ரூமில் இல்லை, படகில். ஒவ்வொரு தீவுக்கும் ஸ்பீட்போட் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று டாலரில் போடுவார்கள், நாலு பேர், போக வர, கூட்டிப் பாருங்கள். அரசு படகு மலிவு, ஆனால் வெள்ளிக்கிழமை ஓடாது. அது தெரியாமல் வெள்ளிக்கிழமை வந்து இறங்கி மாலேயில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மச்சானிடம் இன்னொன்றும் சொல்லிவிடுங்கள், ஊர்த் தீவுகளில் சரக்கு கிடையாது, சட்டப்படி தடை. நீச்சல் உடையில் குளிப்பதற்கும் தனியாக ஒதுக்கிய கடற்கரைதான்.

அப்புறம் டைவ். இங்கே பேர்போன இடங்கள் எல்லாம் அட்டோல், அதாவது வளையமான பவளத்தீவுக் கூட்டத்தின் ஓரத்தில் கடல் உள்ளே புகுந்து வெளியேறுகிற கால்வாய்கள். சுறாவும் திருக்கையும் அங்கேதான் வரும், ஏனென்றால் நீரோட்டம் அங்கேதான் அதிகம். முதல் தடவை மாஸ்க் போடுகிறவனுக்கு அது இடம் இல்லை, அவர்களை பவளப்பாறைக்குள் அடங்கிய அமைதியான உள்கடலான லகூனுக்குள்ளோ கரையை ஒட்டின பாறைத்திட்டிலோதான் இறக்குவார்கள். கிட்டத்தட்ட அதே காட்சியை அந்தமானில் இதைவிடக் குறைந்த செலவில் பார்க்கலாம். யூடியூபில் வருகிற, இங்கே ஹனிஃபாரு விரிகுடாவில் சேர்கிற மாண்டா திருக்கைக் கூட்டம் பார்க்க ஆசை என்றால் அங்கே ஸ்கூபாவுக்கே அனுமதி இல்லை, மேலே மிதந்து குழாயில் மூச்சு விட்டுக்கொண்டே பார்க்கிற ஸ்நார்கலிங் மட்டும்தான், அதுவும் மழைக்காலத்தில்தான் அவை கூடும். சர்டிபிகேட் எடுத்து, கொஞ்சம் டைவ் பழகிய பிறகு வாங்க, நானே வந்து கூட்டிப்போகிறேன்.

முள்ளுக்கத்திரி:

லட்சத்தீவு பற்றி யாரும் பேசவில்லையே. காட்பாடியில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம், கொச்சியிலிருந்து அகத்தி தீவுக்குச் சின்ன விமானம், அங்கிருந்து கத்மத்துக்கோ பங்காரத்துக்கோ படகு. கத்மத்தில் டைவ் சென்டர் இருக்கிறது. பர்மிட் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், அதற்கு நாள் பிடிக்கும், பொங்கலுக்கு என்றால் இப்போதே ஆரம்பிக்க வேண்டும், அதனால்தான் கூட்டமும் குறைவு.

நான் அதைச் சொல்வதற்குக் காரணம் உங்கள் மனைவி. அங்கே தீவைச் சுற்றிப் பவளப்பாறை வளையம், உள்ளே லகூன். வெளியே அலை எகிறிக்கொண்டிருக்கும், உள்ளே இடுப்பளவு தண்ணீர் அசையாமல் நிற்கும். லைஃப் ஜாக்கெட் போட்டு, மாஸ்க்கை மாட்டி, காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தால் போதும். முதல் நிமிஷம் மூக்கு வழியாக மூச்சை இழுக்கத்தான் பார்ப்போம், மாஸ்க் கண்ணாடி முகத்தோடு ஒட்டிக்கொள்ளும், பதறும். குழாயில் வாய் வழியாக நாலு மூச்சு விட்டதும் அது நின்றுவிடும். அப்புறம் கிளிமீன் பாறையைக் கொறிக்கிற சத்தம் கறக் கறக் என்று காதில் விழும், அதைக் கேட்ட பிறகு தலையைத் தூக்கச் சொன்னால் தூக்க மாட்டார்கள்.

ஒன்று, பவளம் எல்லாம் டிவியில் காட்டுகிற கலரில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1998, 2010, 2016 என்று கடல் சூடேறி வெளுத்துப்போனதில் நிறைய செத்துவிட்டது, திரும்பவும் 2024லும் வெளுத்தது. அந்தமானும் 2010ல் அடி வாங்கியதுதான். மீனும் ஆமையும் இருக்கிறது, பவளம் இடத்துக்கு இடம் வித்தியாசம்.

காது மூக்கு தொண்டை:

வேலூரில் ஒரு மருத்துவமனையில் காது கேட்கும் திறன் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். டைவிங் போய்க் காது கெட்டு வருகிறவர்களை லீவு முடிகிற வாரங்களில் பார்க்கிறோம், அதனால் இரண்டு விஷயம்.

காது முதலில். தண்ணீருக்குள் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அதனால் ஆழத்தில் அல்ல, மேலே இருக்கிற முதல் சில மீட்டரில்தான் காது அதிகம் படும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதி, நடுக்காதுக்குக் காற்று அனுப்ப வேண்டும். இதை வலி வந்த பிறகு செய்யக் கூடாது, வலிக்கு முன்னாலேயே, ஒவ்வொரு முழம் இறங்கும்போதும். வலித்தால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயற்சி, வரவில்லையா, அன்றைக்கு டைவ் இல்லை, அவ்வளவுதான். "கொஞ்சம் பொறுத்துக்கோ சார்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சளி இருந்தால் இறங்கவே வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா என்று கேட்பார்கள், மாத்திரையின் வேகம் பாதியில் தணிந்து அடைத்துக்கொண்டால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் போகும். பொங்கல் சமயம் நம்ம ஊர்ப் பனியில் வீட்டுக்கு ஒருத்தர் இருமிக்கொண்டிருப்பார், அதையும் நினைத்துக்கொண்டு தேதி போடுங்கள்.

மச்சான் விஷயம் இதைவிடப் பெரியது. இறங்கும் முன் ஒரு மருத்துவப் படிவம் கொடுப்பார்கள், ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, இதயம், காது ஆபரேஷன் என்று கேள்விகள். கரையில் நிற்கிற ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் "இல்லை" போடச் சொல்வார். போடக் கூடாது. 10 மீட்டரில் இழுத்த மூச்சு மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும், சாதாரணமாக அது வெளியே போய்விடும். வீசிங் உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கிய நேரம் பார்த்து நுரையீரலில் ஒரு பக்கம் காற்று மாட்டிக்கொண்டால் நுரையீரலே கிழியலாம். எல்லா ஆஸ்துமாவுக்கும் தடை என்று இல்லை. நுரையீரல் டாக்டரைப் பார்த்து ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்து, டைவிங் போகிறேன் என்று சொல்லி எழுத்தில் வாங்கிக்கொண்டு போகட்டும். இங்கேயே வசதி இருக்கிறது, தீவில் போய் இறங்கின பிறகு தேட முடியாது. இன்னும் இன்ஹேலர் எடுக்கிறவர் என்பதால் வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பு அதிகம், அவரை முன்கூட்டியே தயார் பண்ணி வையுங்கள்.

குடியாத்தம் பாசஞ்சர்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. டிராவல்ஸ்காரரிடம் கடைசி நாள் பற்றிக் கேட்டேன், "எல்லாரும் அப்படித்தான் சார் போறாங்க, இதுவரை யாருக்கும் ஒண்ணும் ஆகலை" என்றார். நான் விடவில்லை. கடைசியில் ஹேவ்லாக்கில் டைவ், கடைசி நாள் சும்மா ஊர் சுற்றல் என்று மாற்ற ஒத்துக்கொண்டார், ஆனால் ஸ்கூபா காசு தனி. ஏப்ரல் கடைசி வாரம் என்று முடிவு. மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், ஆனாலும் டாக்டரிடம் போகச் சம்மதித்துவிட்டான்.

இன்னும் சில சந்தேகம். நானும் பையனும் சும்மா ஒரு தடவை இறங்கிப் பார்க்கிற டைவ் செய்வதா, இல்லை கோர்ஸாகவே செய்துவிடலாமா? என் கண்ணாடிக்கு என்ன செய்வது? ஆக்சிஜன் சிலிண்டர் பையன் தூக்குவானா?

பாண்டி ரோடு:

பையனுக்கும் உங்களுக்கும் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாமல் நாலு பேருக்கு விமான டிக்கெட் எதற்கு? பாண்டிச்சேரி நம்ம ஊரிலிருந்து காரில் போகிற தூரம்தானே, அங்கேயே டைவ் சென்டர் இருக்கிறது. ஆனால் ஜனவரியில் போகாதீர்கள், வடகிழக்குப் பருவமழைக் கலங்கல் தெளிந்திருக்காது, பச்சைத் தண்ணீரில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. பிப்ரவரிக்கு மேல் பரவாயில்லை. சென்னையில் நீச்சல் குளத்திலேயே சிலிண்டர் மாட்டிப் பழக்கிவிடுகிறவர்களும் உண்டு, மனைவிக்கு அது நல்லது.

முருடேஸ்வர் பக்கத்தில் நேத்ராணி தீவு இருக்கிறதே என்று யாராவது கிளப்புவார்கள். நல்ல இடம்தான், ஆனால் டைவ் முடித்த கையோடு காரில் மலை ஏறி பெங்களூர் வழியாக வேலூர் திரும்பினால், பெங்களூரே 3,000 அடி உயரம். விமானத்துக்குச் சொன்ன அதே கதைதான், ஒரு ராத்திரி அங்கேயே தங்கிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

காட்பாடி ஜங்ஷன்:

அது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை, நாம் விடுகிற இதே காற்றைத்தான் 200 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போலக் கிட்டத்தட்ட 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்து வைத்திருப்பார்கள். கரையில் கனக்கும், சின்னப் பையன் என்றால் படகிலேயே மாட்டிவிட்டுத் தண்ணீரில் இறக்குவார்கள், இறங்கினதும் கனமே தெரியாது.

முதல் தடவைக்குக் கோர்ஸ் வேண்டாம். உங்கள் பேக்கேஜில் ஹேவ்லாக்கில் இருப்பதே இரண்டு ராத்திரி, கோர்ஸ் மூன்று நாலு நாள் தின்னும், புத்தகப் பாடம், பரீட்சை, 200 மீட்டர் நீச்சல், 10 நிமிஷம் மிதத்தல் எல்லாம் உண்டு. கிணற்று நீச்சல்காரருக்கு அது பெரிய விஷயம் இல்லை, ஆனால் குடும்பத்தோடு வந்துவிட்டு நீங்கள் மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் வீட்டில் சண்டை வரும். சும்மா இறங்கிப் பார்க்கிற டைவுக்கு நீச்சல்கூட அவசியம் இல்லை, அதிகபட்சம் 12 மீட்டர், இன்ஸ்ட்ரக்டர் உங்கள் முதுகுப்பக்க வால்வைப் பிடித்துக்கொண்டே வருவார். 10 வயது ஆகியிருந்தால் போதும், பையனும் வரலாம். பையனுக்குப் பிடித்துப்போனால் அடுத்த வருஷம் ஜூனியர் கோர்ஸ் போடலாம்.

டைவ் சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது போட்டோ, வீடியோ இலவசமா என்று கேட்காதீர்கள். ஓர் இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர், இறங்கும் முன் ஆழம் குறைந்த தண்ணீரில் எவ்வளவு நேரம் பழக்குவார்கள், படகில் அவசரத்துக்கு ஆக்சிஜன் கிட் இருக்கிறதா, இந்த மூன்றையும் கேளுங்கள். ஆக்சிஜன் அங்கேதான் வேண்டும், சிலிண்டரில் இல்லை. மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொடுக்கிற ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால் திரும்ப எடுத்து மாட்டுவது, இந்த இரண்டையும் இடுப்பளவு தண்ணீரில் பையனுக்குப் பதறாமல் வருகிற வரை திரும்பத் திரும்பச் செய்ய வைக்கச் சொல்லுங்கள். மூச்சை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அடக்கக் கூடாது, இதை வீட்டிலேயே சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள், பிள்ளைகள் தண்ணீர் என்றாலே மூச்சைப் பிடிப்பார்கள்.

கண்ணாடிக்கு: பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் சில சென்டர்களில் உண்டு, மைனஸ் 4 இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ், ஆனால் மாஸ்க்கில் தண்ணீர் வந்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

மனைவிக்கு ஹேவ்லாக்கிலேயே எலிஃபன்ட் பீச்சில் லைஃப் ஜாக்கெட்டோடு ஸ்நார்கலிங், ஆள் பிடித்துக் கூட்டிப்போவார். அதுவும் வேண்டாம் என்றால் அடியில் கண்ணாடி வைத்த கிளாஸ் பாட்டம் போட். மச்சானை டாக்டர் வேண்டாம் என்றால் அவரும் அதே படகில்.

குடியாத்தம் பாசஞ்சர்:

மச்சான் இதைப் படித்துவிட்டு "நான் அக்காவோட படகுலயா" என்று தலையில் அடித்துக்கொண்டான் 😀 இன்னும் ஒன்று, ஹேவ்லாக்கில் இறங்கின அன்றைக்கே டைவ் வைக்கலாமா, மறுநாள் காலையா?

காட்பாடி ஜங்ஷன்:

மறுநாள் காலை. இறங்கின அன்றைக்குப் படகில் ஆடி வந்து பாதிப் பேருக்கு வாந்தி, தூக்கமும் இருக்காது. இரண்டு ராத்திரியை மூன்றாக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், நீல் தீவை வெட்டினால் நேரம் கிடைக்கும். அப்போதுதான் காற்று அடித்து படகு எடுக்கவில்லை என்றாலும் அடுத்த நாளுக்குத் தள்ளிக்கொள்ளலாம், கடல் சரியில்லாமல் ரத்தானால் காசு திரும்ப வருமா என்பதையும் டிராவல்ஸ்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.